மேடைக்கு வரும் ராணுவ உடுப்பு

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒத்திகைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஒரு பிள்ளை கட்டபொம்மன், ஒரு பிள்ளை ஜாக்சன் துரை, மிச்சப் பிள்ளைகள் எல்லாம் சிப்பாய்கள். சித்திரையில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழா வருகிறது. தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் நேர்ந்துகொண்டு போலீஸ் வேடமோ மிலிட்டரி வேடமோ கட்டுகிறவர்களும் உண்டு. ராணுவ உடுப்பு இப்படி அடிக்கடி தெருவுக்கும் மேடைக்கும் வருகிற ஊர் நம்முடையது. அதை மரியாதையாக உடுத்துவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

மரியாதை என்றதும் விறைப்பாக நிற்பதும் சல்யூட் அடிப்பதும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: எந்த ஆண்டு நடந்த சம்பவம், அன்றைக்கு என்ன உடுத்தினார்கள் என்று விசாரித்து, அதை மட்டும் உடுத்துவது. காலம் சரியாக இருந்தால் பார்க்கிறவருக்கு இது பழைய கதை என்று தெரியும். உங்களை யாரும் இன்றைய ராணுவ வீரர் என்று தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலம் குழம்பும்போதுதான் சட்டச் சிக்கலும் வருகிறது, மனவருத்தமும் வருகிறது.

கட்டபொம்மன் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பெனிச் சிப்பாய்க்கு வாடகைக் கடையிலிருந்து காக்கி உடுப்பும் சோலா தொப்பியும் எடுத்துவருகிறார்கள். காக்கி என்பது 1840களின் கடைசியில் வடமேற்கு எல்லையில் ஒரு படைப்பிரிவில் தொடங்கி, பிறகு மெல்ல மெல்லப் பரவிய நிறம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அன்றைய சென்னைப் படைச் சிப்பாய் சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தான். கீழே முழுக்காற்சட்டை கிடையாது. தொடையளவில் நிற்கும் வெள்ளைக் குட்டைக் காற்சட்டை, இடுப்பில் கச்சை, தலையில் தலைப்பாகை, காலில் செருப்பு அல்லது வெறுங்கால். மார்பின் குறுக்கே இரண்டு தோல் வார்கள்: ஒன்றில் தோட்டாப் பை வலது இடுப்பில் தொங்கும், மற்றதில் துப்பாக்கிச் சனியன், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, இடது இடுப்பில். இதை மாற்றித் தொங்கவிட்டால் வலது கையால் சனியனை உருவவே முடியாது. ஒத்திகையில் ஒரு தடவை உருவிப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அந்தச் சிப்பாய் நெற்றியில் நாமமோ திருநீறோ இருக்கும், காதில் கடுக்கன் இருக்கும். ஏனென்றால் அவன் நம்மூர்க்காரன், பக்கத்து ஜில்லாக்காரன். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவும் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது 1805 கடைசியிலும் 1806 தொடக்கத்திலும். அதன் விளைவு 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி. ஆகவே 1799 சிப்பாயை மொட்டை நெற்றியோடு நிறுத்துவது வரலாற்றில் ஒரு பெரிய விஷயத்தைத் துடைத்துவிடுவதாகும். சிப்பாயைக் கோமாளியாகக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. சம்பளத்துக்குப் போன ஏழை அவன். சண்டையில் செத்தவர்களில் அவனும் உண்டு.

ஜாக்சன் துரை விஷயத்தில் இன்னொரு பிழை. அவர் கலெக்டர், சிவில் அதிகாரி. அவருக்குச் சிவப்புக் கோட்டும் தோளில் தங்கக் குஞ்சமும் மாட்டுவது தவறு. கருநீலத்திலோ பழுப்பிலோ நீண்ட கோட்டு, உள்ளே வெயிஸ்ட்கோட்டு, முழங்கால் வரை வெள்ளைக் காற்சட்டை, காலுறை, வார்ப்பூட்டு வைத்த ஷூ போதும். சிவப்புக் கோட்டு, வாள், இடுப்பைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் பட்டுக் கச்சை எல்லாம் மேஜர் பானர்மேனுக்கு உரியவை. இருவரையும் உடுப்பாலேயே பிரித்துக் காட்டிவிட்டால், இராமநாதபுரத்தில் பேசியவர் யார், படை கொண்டு வந்தவர் யார் என்று வசனமே இல்லாமல் விளங்கும்.

கை மடிப்பில் மூன்று பட்டை தைத்து அவில்தார் என்று காட்டுவதும் உண்டு. பட்டையால் பதவியைக் காட்டும் வழக்கம் பிரிட்டிஷ் காலாட்படைக்கே 1802இல்தான் வந்தது. கொடியிலும் கவனம் வேண்டும். இன்று பார்க்கும் பிரிட்டிஷ் கொடியில் அயர்லாந்துக்கான சிவப்புக் குறுக்குக் கோடு சேர்ந்தது 1801 ஜனவரி 1 முதல். முதல் பாஞ்சாலங்குறிச்சிப் போர் 1799. அதற்கு அந்தக் கோடு இல்லாத கொடி. ஊமைத்துரை மறுபடி கட்டிய கோட்டை விழுந்தது 1801 மே மாதம்; அந்தக் காட்சிக்கு வேண்டுமானால் புதிய கொடி பொருந்தும்.

சிவப்புக் கோட்டு தைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். சாட்டின் துணி எடுக்காதீர்கள். மேடை விளக்கில் பளபளத்து பேண்டு வாத்தியக்காரர் உடுப்பாகிவிடும். மினுக்கம் இல்லாத கெட்டிப் பருத்தி, கேஸ்மென்ட் அல்லது டிரில் எடுங்கள். 44 அங்குல அகலத் துணியில் 36 மார்புள்ள ஒருவருக்கு இரண்டு மீட்டர் போல ஆகும். உள்துணிக்கு மெல்லிய காடா அதே அளவு. கழுத்துப்பட்டைக்கும் மணிக்கட்டு மடிப்புக்கும் வேறு நிறத்தில் கால் மீட்டர். வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், போகிற சாயமும் போய்விடும். இதைச் செய்யாமல் தைத்தால், முதல் வியர்வையிலேயே சிவப்பு இறங்கி வெள்ளைக் காற்சட்டை ரோஸ் நிறமாகும். அக்குளைக் கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொல்லுங்கள். துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கும்போது கிழிவது அந்த இடம்தான்.

துப்பாக்கி மரத்தில் செய்ததாக இருக்கட்டும். போல்ட் வைத்த பழைய போலீஸ் ரைபிள் போன்ற பொம்மை 1799க்கு ஒட்டாது. அது சக்கிமுக்கிக் கல் அடித்து வெடிக்கிற நீளத் துப்பாக்கிக் காலம். இரும்பு வாள், கூர் வேல் வேண்டாம். குலசைத் தசராவிலும் இரும்பு ஆயுதம் வேண்டாம் என்றே காவல்துறை கேட்டுக்கொள்கிறது. பலகையை வெட்டி அலுமினியப் பெயிண்ட் அடித்தால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

இனி நேதாஜி படை. நம் பகுதியிலிருந்து மலேயா, பர்மா போன குடும்பங்கள் ஏராளம், அதனால் இந்த நாடகம் இங்கே உணர்வோடு போடப்படும். இந்திய தேசிய ராணுவத்துக்குக் காக்கிதான் சரி, படகு போல் மடியும் துணித் தொப்பிதான் சரி. ஜான்சி ராணிப் படைப்பிரிவுப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடாதீர்கள். அவர்கள் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து பயிற்சி எடுத்தவர்கள். பெரும்பாலும் சறுக்குவது கொடியில். அசோகச் சக்கரம் பொறித்த கொடி 1947 ஜூலை 22இல்தான் ஏற்கப்பட்டது. 1943, 1944 காட்சிக்கு ராட்டை பொறித்த மூவர்ணம் வேண்டும். பாயும் புலிக் கொடி ஜெர்மனியில் அமைந்த இந்திய லீஜியன் என்ற படையோடு சேர்ந்தது. சிங்கப்பூர்க் காட்சியில் அதை நுழைக்க வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவரைக் காட்டுவதென்றால் தோள் சின்னத்தைக் கவனியுங்கள். அன்றைய மேஜர் தோளில் கிரீடம். இன்றைய மேஜர் தோளில் சிங்கமுகச் சின்னம். இந்த மாற்றம் குடியரசான பிறகு வந்தது. இதற்காகக் கடையில் விற்கும் சிங்கமுகப் பித்தளைச் சின்னத்தை வாங்கிக் குத்தினால் காலமும் தவறு. இன்றைய அதிகாரியின் அடையாளத்தைக் குத்திக்கொண்டதாகவும் ஆகும்.

முழங்காலுக்குக் கீழே துணிப்பட்டி சுற்றும் காலம் அது. ஒரு காலுக்கு நாலங்குல அகலத்தில் ஒன்பது அடி போல நீளம் வேண்டும். காலாட்படைக்காரர் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றுவார். பூட்ஸின் மேல் விளிம்பை மூடி இரண்டு சுற்று, பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மறைத்து ஏறி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே முடித்து, நாடாவை வெளிப்பக்கம் கட்டவேண்டும். காலைத் தரையில் ஊன்றிச் சதையை விறைத்துக்கொண்டு சுற்றினால் சரியான இறுக்கம் கிடைக்கும். உட்கார்ந்து தளர்ந்த காலில் இறுக்கிச் சுற்றினால் எழுந்து நின்ற பத்தாவது நிமிடம் பாதம் மரத்துப்போகும். தளர்த்திச் சுற்றினால் அணிவகுப்பின் நடுவே அவிழ்ந்து அடுத்தவர் காலில் மாட்டும்.

கார்கில் நாடகம் ஜூலை 26ஐ ஒட்டி நிறையப் போடுகிறார்கள். சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும் இப்போதைய சண்டை உடுப்பு 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமானது. கார்கில் போர் 1999. அன்றைக்கு இருந்தது தூரிகையால் தீற்றியது போன்ற பழைய வடிவம். புதிய வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்திருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். பதான்கோட் விமானத் தளத் தாக்குதலில் வந்தவர்கள் ராணுவ உடையில் வந்ததை ஒட்டி, அது போன்ற துணியை உடுத்த வேண்டாம் என்று 2016இல் ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே அண்மைக்காலப் போரைக் காட்டும்போது ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவது நல்லது. இன்றைய படைப்பிரிவின் பெயர்ப்பட்டை வேண்டாம். கமாண்டோக்களின் பலிதான் பேட்ஜும் பாராசூட் படையின் மெரூன் தொப்பியும் அறவே வேண்டாம். அவை கடும் தேர்வு முடித்துப் பெறுகிறவை.

பதக்கம் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. வாடகை உடுப்பில் ஏற்கனவே குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பதக்கங்களை முதல் வேலையாகக் கழற்றுங்கள். பதக்கம் இடது மார்பில் அணிவது வென்றவருக்கு உரியது. உயிர்நீத்த வீரரின் குடும்பத்தார் அஞ்சலி நிகழ்ச்சிகளில் அதை வலது மார்பில் அணிகிறார்கள். முன்வரிசையில் அப்படி ஒரு தாயார் உட்கார்ந்திருக்கையில், மேடையில் பையன் ஏழு பதக்கம் ஆட ஓடிவந்தால் அந்த அம்மா மனம் என்ன பாடுபடும்? பரம்வீர் சக்ரா பெற்றவர் கதாபாத்திரம் என்றால் பெயரை வசனத்தில் சொல்லுங்கள். அதிகம் போனால் அந்த ஊதா நாடாவின் சிறு துண்டு மட்டும்.

சட்டம் சுருக்கமாக: பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி, படைவீரர் அல்லாத ஒருவர் தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடுப்பையோ அடையாளத்தையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் உடுப்பை மோசடி நோக்கத்தோடு அணிவதற்கு 205ஆம் பிரிவு. நாடகத்துக்கு அணிவதில் அந்த நோக்கம் கிடையாது. ஆனால் நோக்கத்தை உங்கள் நடத்தைதான் காட்டும். வீட்டிலேயே உடுத்திக்கொண்டு பைக்கில் வராதீர்கள். உடுப்பைப் பையில் கொண்டுவந்து அரங்கத்தில் மாற்றுங்கள். இடைவேளையில் அந்தக் கோலத்தில் டீக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் போகவேண்டாம். ஊர்வலம் தெருவில் போகிறதென்றால் தேதி, நேரம், பாதை, எத்தனை பேர், எத்தனை மரத் துப்பாக்கி என்று எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஏட்டையா ஒரு தடவை பார்த்துக்கொண்டால் வழியில் கேள்வி வராது.

நிற்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் வெயிலில் கெட்டித் துணிக்குள் அசையாமல் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழக் காரணம் வெறும் சூடு மட்டுமல்ல. முழங்காலை இறுக்கிப் பூட்டி நிற்பதால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது, தலைக்குப் போவது குறைகிறது. முழங்காலை மயிரிழை தளர்த்தி, பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி மடக்கி நீட்டச் சொல்லுங்கள், வெளியே தெரியாது. உடுத்துவதற்கு முன் ஒரு செம்பு உப்புப் போட்ட மோரோ நீச்சத்தண்ணியோ குடிக்கட்டும். தொப்பி இல்லாத தலையோடு கைச் சல்யூட் வேண்டாம். நம் ராணுவத்தில் அந்த வழக்கம் இல்லை. செல்போனும் கைக்கடிகாரமும் கழற்றி வைக்கவேண்டும். காட்சி முடிந்ததும் அதே உடுப்போடு குத்துப்பாட்டுக்கு ஆடுவதைத் தடுப்பது பொறுப்பாசிரியர் வேலை.

சில வீடுகளில் தாத்தா ராணுவத்தில் போட்ட உண்மையான உடுப்பு பெட்டியில் இருக்கும். நாடகத்துக்கு அதைக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் உடுத்தாதீர்கள். ஐம்பது அறுபது வருடத்துத் துணி மடிப்பிலேயே இற்றிருக்கும், வியர்வை பட்டால் தாங்காது. அதைப் பார்த்து அளவும் நிறமும் குறித்துக்கொண்டு புதிதாகத் தைப்பதே முறை. பெட்டியில் வைக்கும்போது பித்தளைப் பொத்தானைப் பிராசோ பாலிஷ் போட்டுத் துணியோடு சேர்த்துத் தேய்க்க வேண்டாம். பச்சைக் கறை ஏறும். பொத்தானுக்கு அடியில் அட்டையை வெட்டிச் செருகித் துடையுங்கள். மடிப்புக்குள் பழைய வெள்ளை வேட்டியைச் சுருட்டி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பு இடத்தை மாற்றி மடியுங்கள். வாடகை உடுப்பானால், திருப்பிக் கொடுக்கும் முன் நீங்கள் தைத்த பட்டைகளையும் சின்னங்களையும் பிரித்து எடுத்துவிடுங்கள். அடுத்து அதை வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பது உங்கள் கையில் இல்லை.

நன்றி. வணக்கம்.