ஏரிக்கரை எங்கே உடைகிறது?

[காட்சி: மதுராந்தகம் ஏரி. மழை விட்ட காலை. கேமரா கரையோடு மெல்ல நகர்கிறது.]

வணக்கம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் மதுராந்தகத்தைக் கடந்தவர்கள் இந்த ஏரியைப் பார்த்திருப்பீர்கள். மதுராந்தகன் என்று பெயர் கொண்ட உத்தம சோழன் காலத்து ஏரி. நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. நிரம்பினால் ஆழம் 23.3 அடி. இத்தனை தண்ணீரையும் மறித்து நிற்பது சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொட்டி, நனைத்து, மிதித்து இறுக்கிய மண்.

வெறும் மண் எப்படித் தாங்குகிறது? கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரைப் பார்த்து மிரள வேண்டாம். கரையை அழுத்துவது ஏரியின் பரப்பு இல்லை, ஆழம். ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் அடிப்பாகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 7 டன் அழுத்துகிறது. மேலே வர வரக் குறைந்து, நீர்மட்டத்தில் அந்த அழுத்தம் இல்லாமலே போகிறது. கரை அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உட்புறச் சரிவில் பாவியிருக்கும் கற்கள் அலைகளுக்காக. காற்றுக் காலத்தில் அலை அடித்து அடித்து மண்ணைத் தின்றுவிடும். அதைத் தடுப்பதே அவற்றின் வேலை.

[காட்சி: கரையின் வெளிப்புறச் சரிவு. அடியில் புல் ஈரமாக இருக்கிறது.]

இங்கே கொஞ்சம் நிற்போம். கசியாத மண்கரை உலகத்தில் கிடையாது. தண்ணீர் கரைக்குள் நுழைந்து, தாழ்ந்துகொண்டே வந்து, வெளிப்புற அடியில் ஈரமாகத் தலைகாட்டும். கரை போதிய அகலமாக இருந்தால் அந்த நீர் வலுவிழந்து, ஒரு மணலைக்கூட நகர்த்த முடியாமல் வெளியே வருகிறது. நண்டு வளையோ, எலி வளையோ, பட்டுப்போன சீமைக் கருவேல மரத்தின் வேர் மக்கிய பொந்தோ குறுக்கே இருந்தால் கதை மாறிவிடும். குறுக்குவழி கிடைத்த தண்ணீர் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் மண்ணை அரிக்கும். வெளி முனையில் தொடங்கும் அரிப்பு, குழாய்போல உள்நோக்கி ஏரியைத் தேடிப் போகும். ஏரியைத் தொட்டுவிட்டால் பிறகு கரையைக் காப்பது மிகக் கடினம்.

இன்னொரு பலவீனமான இடம் மதகு. கரைக்குக் குறுக்கே கல்லிலோ செங்கல்லிலோ கட்டிய வாய்க்கால் போகிறது அல்லவா, அங்கே கட்டுமானத்தோடு மண் என்றைக்கும் முழுமையாக ஒட்டுவதில்லை. பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் நம் முன்னோர் இதற்குக் கண்ட வழி அருமையானது. கரைக்கு உட்புறம், தண்ணீருக்குள்ளேயே இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின் கீழே கல்பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதன் பெயர் குமிழித்தூம்பு. பெட்டியின் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், நீர் கரைக்கு அடியில் ஆழத்தில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். திறப்பதும் மூடுவதும் கரையைத் தொடாமலே நடந்துவிடும். அந்தத் தூண்களில் தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்களே.

[காட்சி: கலங்கல். வரிசையாக நட்ட கற்களுக்கு இடையே நீர் வழிகிறது.]

இனி கலங்கல். ஏரி நிரம்பியபின் வரும் வெள்ளம் இதன் வழியே வெளியேறுகிறது. மதுராந்தகத்தில் அது கிளியாற்றுக்குப் போகிறது. பழைய கலங்கல்கள் பலவற்றின் மேல் இப்படி வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால், இன்னும் ஓர் அடி, இரண்டு அடித் தண்ணீர் தேங்கும். கடைமடைப் பயிர் பிழைக்கும். ஆனால் அடைத்ததை வெள்ளத்துக்கு முன் எடுக்காவிட்டால் நீர் கரைக்கு மேலேயே ஏறிவிடும். மண்கரை அதைத் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவைச் சில மணி நேரத்தில் அறுத்துவிடும்.

ஏரி என்றாலே "கரையை உயர்த்துங்கள்" என்ற குரல் எழுகிறது. கலங்கலின் அகலம் போதுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். மேலே உள்ள ஏரியின் உபரிநீர் கீழே உள்ள ஏரிக்கு வருகிறது. மேல் ஏரி உடைந்தால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். வயல்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகளும் தார்ச்சாலைகளும் வந்துவிட்டதால், மழை நீர் ஊறி வடிவதற்குப் பதில் உடனே ஓடி வருகிறது. அன்றைக்குப் போதுமானதாக இருந்த அகலம் இன்றைக்குப் போதாமல் போகலாம்.

மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோவில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினியின் கலெக்டர் லயோனல் பிளேஸ், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மழை இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்து நிற்கக் கண்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஏரியைக் கவனித்து வயல்களுக்கு நீர் பங்கிட்ட நீர்க்கட்டித் தாத்தாதான் நினைவுக்கு வருவார்.

[காட்சி: இருட்டு. லாந்தர் வெளிச்சம். மழைச் சத்தம்.]

ஓர் ஐப்பசி இரவில், கரைக்கு வெளியே அடிவாரத்தில் ஊற்றுப்போலத் தண்ணீர் கொப்பளித்தது. மண் மூட்டையை வைத்து வாயை அடைக்கப் போனோம். "அடைக்காதீங்க. இங்கே அடைச்சா வேறே எங்கேயாவது பிச்சுக்கும்" என்று தாத்தா தடுத்தார். ஊற்றைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவே ஆற்று மணலையும் அதன்மேல் ஜல்லியையும் கொட்டச் சொன்னார். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, அதன் எடையே ஊற்றைத் திருப்பி அழுத்தியது. மணல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் விட்டது.

பிறகு கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கேட்டு வாங்கி, வழியும் நீரைப் பிடித்து லாந்தரின் முன்னால் வைத்துக் காத்திருந்தார். அடியில் ஒரு விரல் அளவு வண்டல் படிந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பிடித்தார். வண்டல் குறைந்திருந்தது. மூன்றாவது டம்ளர் தெளிவாக இருந்தது. அதன் பிறகுதான் கரையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தார்.