கோபப்படுகிற ரசிகனுக்காக

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இண்டியானாபொலிஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். நடுவரின் விரல் மணியின்மேல் இருப்பது தெரிவதால் வாழ்த்துரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஒருவர் வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும்போது ரசிகர்கள் கொதிப்பது நியாயமா, அடாவடியா என்பது தலைப்பு. நியாயமே என்று பேச வந்திருக்கிறேன். நான் வாதங்களை வரிசையாக எழுதி எடுத்து வந்திருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், என் மதிப்பிற்குரிய அண்ணன், பேச்சின் நடுவே ஒரு சொல்லை வீசிவிட்டு அமர்ந்துவிட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

அண்ணன் ஹன்டர் டிக்கின்சனைச் சாட்சிக்கு அழைத்தார். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் ஏழடி உயரத்தையும் தாண்டியவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக மூன்று பருவங்கள் ஆடியவர், முதல் பருவத்திலேயே அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வரத் தோள் கொடுத்தவர். 2023ஆம் ஆண்டு அவர் கன்சாஸுக்கு மாறினார். மிச்சிகன் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதற்கு அவர் ஒரு பாட்காஸ்டில், என்னை வெறுக்கிறவர்கள் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கிடைத்தால் தங்கள் வேலையை இப்போதே விட்டுவிடுவார்கள் என்றும், மிச்சிகனில் தமக்கு ஆண்டுக்கு ஆறு இலக்கத் தொகைகூட வரவில்லை என்றும் சொன்னார். அண்ணன் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அவர் உங்களைப் பார்த்து, "இந்த அரங்கில் கம்பெனி மாறாதவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் காபி தீர்ந்துவிட்டதா என்று கேட்பதற்காக எழுந்த கை. நீங்கள் சிரித்தீர்கள். வழக்கு முடிந்தது என்று அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

நடுவர் அவர்களே, நானும் கம்பெனி மாறியவன்தான். நான் விடைபெற்ற நாளில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நெகிழ்ந்துபோய் அருகில் சென்று பார்த்தால், அதில் வேறொருவரின் பெயரும் "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்ற சொற்களும் இருந்தன. அதிலிருந்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்து அனுப்பினார்கள். வேலையை விடுவது என்றால் அவ்வளவுதான். நான் வேலை செய்த காலத்தில் பல்லாயிரம் பேர் மண்டபத்தில் கூடி என் எக்செல் கோப்பைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டியதில்லை. ஒரு பிழையைத் திருத்தியதும் பாண்டு வாத்தியம் முழங்கியதில்லை. என் பெயர் பொறித்த ஜெர்சியை மேலாளர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. நான் போட்டிக் கம்பெனியில் சேர்ந்த செய்தியைக் கேட்டு ஃபோர்ட் வேன் நகரில் ஒரு பெரியவர் காலைச் சிற்றுண்டியை ஒதுக்கி வைக்கவில்லை. அண்ணனே, யாரும் அழாத இடத்திலிருந்து நீங்களும் நானும் கிளம்பினோம். பத்தாயிரம் மனிதர்கள் தம் மாலைப்பொழுதைக் கொடுத்துப் பார்த்த ஒருவர் கிளம்புவதும் அதுவும் ஒன்று என்கிறீர்களே, எந்த ஊர்க் கணக்கு இது?

வேலைதான் என்றால் வேலை என்று சொல்லியே விற்கட்டும். அப்படியா விற்கிறார்கள்? பயிற்சியாளர் வாயைத் திறந்தால் குடும்பம் என்கிறார். இறுதியாண்டு வீரரின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் பெற்றோரை ஆடுகளத்துக்கே அழைத்துவந்து பூங்கொத்து கொடுக்கிறார்கள். 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயராலும் படத்தாலும் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதும், ஒவ்வொரு கல்லூரியைச் சுற்றியும் கலெக்டிவ் என்ற பெயரில் பணம் திரட்டும் அமைப்புகள் முளைத்து, நம் பிள்ளைகளை நம்மோடு வைத்துக்கொள்ளச் சந்தா கொடுங்கள் என்று ரசிகனிடம்தான் கையேந்தின. 2025ஆம் ஆண்டு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே தம் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்று ஆன பிறகும் அந்தக் கை மடங்கவில்லை. பணம் கேட்கும்போது நம் பிள்ளை. பிள்ளை கிளம்பும்போது மட்டும் சந்தை, நீ யார் கேட்க என்கிறார்கள். கோபம் வராதவனுக்கு ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

வீரர்களின் உரிமைக்கு நான் எதிரி அல்ல. 2021 வரை, கல்லூரி மாறிய கூடைப்பந்து வீரர் விலக்குக் கிடைத்தாலொழிய ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார வேண்டும். அவரை அழைத்துவந்த பயிற்சியாளரோ இரவோடு இரவாகப் போய் மறுநாள் வேறு நிறத்துச் சட்டை அணிந்து பேட்டி கொடுக்கலாம். அது அநியாயம். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனதை நானும் வரவேற்கிறேன். போகிறவரைத் தடுக்க வேண்டும் என்று எங்கள் அணி கேட்கவில்லை. போகிறாரே என்று வருந்துகிறவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, "லாரி பேர்டே கல்லூரி மாறியவர்தானே" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். கதையில் கால்வாசியைத்தான் சொன்னார். முக்கால்வாசி நம் மாநிலத்துச் சொத்து என்பதால் நான் சொல்கிறேன்; நடுவர் மணியைச் சற்றுக் கீழே வைக்கலாம்.

1974ஆம் ஆண்டு. இண்டியானாவின் தெற்கே ஃபிரெஞ்சு லிக் என்ற சிற்றூர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அங்கிருந்து ஓர் உயரமான பையன், பெரும் பயிற்சியாளர் பாப் நைட் அழைத்ததால், புளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். ஊரைவிடப் பல மடங்கு மாணவர்கள் அந்த ஒரே வளாகத்தில். ஒரு மாதம்கூட முடியவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டான். திரும்பி வந்து என்ன செய்தான்? ஊராட்சியில் வேலைக்குச் சேர்ந்து குப்பை வண்டியில் போனான். பிற்காலத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு மூன்று சாம்பியன் பட்டங்களை வாங்கித்தந்த லாரி பேர்ட், நடுவர் அவர்களே, குப்பை வண்டியில் போனார். பின்வரிசையில் கேட்டிருக்காது என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: குப்பை வண்டியில். இன்றைக்கு ஒரு வீரர் கல்லூரியை விட்டு விலகினால் மறுநாள் காலையில் முப்பது பயிற்சியாளர்கள் தொலைபேசியில் வரிசையில் நிற்கிறார்கள். அன்று பேர்டின் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் ஒருவர் டெரா ஹோட் நகரத்து இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ். பேர்டின் தாயாரோ, என் மகனை விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னார். மனிதர் விடவில்லை. பேர்ட் 1975இல் டெரா ஹோட்டுக்கு வந்தார்; விதிப்படி ஒரு பருவம் ஆடாமல் உட்கார்ந்தார்; பிறகு ஆடத் தொடங்கினார்.

தங்கை இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டார். கதையின் உயிரே இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1978இல் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது, அதுவும் ஆள் எடுக்கும் முதல் சுற்றிலேயே. கையெழுத்துப் போட்டால் பணம். குப்பை வண்டியில் போன பையனுக்கு அந்தப் பணம் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் இன்னும் ஓர் ஆண்டு டெரா ஹோட்டில் ஆடிவிட்டு வருகிறேன் என்றார். அந்த ஆண்டு அந்தச் சிறிய கல்லூரி வரிசையாக 33 ஆட்டங்களை வென்று, 1979 மார்ச் 26 அன்று சால்ட் லேக் சிட்டியில் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட் அணியிடம் இறுதி ஆட்டத்தில் 75-64 என்று தோற்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டமும் அந்த ஆட்டத்தின் பார்வையாளர் விகிதத்தை இன்றுவரை எட்டவில்லை. தோற்ற அந்த மனிதருக்குத்தான் டெரா ஹோட்டில் சிலை நிற்கிறது. வேறு கல்லூரியிலிருந்து வந்தவர் என்று அந்த ஊர் அவரைக் குறைவாக நினைத்ததா? வந்தவர் இருந்தார், பணம் காத்திருக்கும்போதும் இருந்தார். தங்கையே, நீங்கள் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது 2024க்கு வாருங்கள். அதே டெரா ஹோட், அதே கல்லூரி. இலினாய்ஸ் மாநிலத்து ராபி அவிலா, 6 அடி 10 அங்குலம், முகத்தில் பெரிய பட்டைக் கண்ணாடி. உயரமான ஆள் இப்படியெல்லாம் பந்தைக் கடத்தலாமா என்று வியக்கவைக்கும் கை. லாரி பேர்டை நினைவுபடுத்தி, படிப்பாளிப் பையன் என்ற பொருளில், 'லாரி நெர்ட்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பேர்டின் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக இண்டியானா ஸ்டேட் தேசிய முதல் 25 அணிகளின் பட்டியலில் ஏறியது. ஏறிய வாரத்திலேயே தோற்று இறங்கியது, அது நம் ராசி. 28 ஆட்டங்களை வென்றும் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. பரவாயில்லை என்று அடுத்த நிலைப் போட்டியான என்ஐடியில் ஆடி, ஏப்ரல் 4 அன்று நம் ஊர் ஹிங்கிள் அரங்கில் இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஸீட்டன் ஹால் அணியிடம் 79-77 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

அடுத்த சில நாட்களில் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு தொடக்க ஐவரும், ஒருவர் பாக்கியில்லாமல், கிளம்பினார்கள்: அவிலாவும் சக வீரர் ஸ்வோப்பும் அதே பயிற்சியாளரிடம், இருவர் டெக்ஸஸுக்கு, ஒருவர் சேவியருக்கு. அந்த ஐவரில் மூவரும் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தானே, வரும்போது கைதட்டியவன் போகும்போது திட்டலாமா என்று எதிரணி கேட்கும். தாராளமாகத் திட்டலாம். வந்தபோது மகிழ்ந்தவனுக்குத்தான் போகும்போது வலிக்கும். வந்ததையே கவனிக்காதவனுக்கு என்ன வலி? ஆனால் ஒன்று: முகம் தெரியாமல் ஒளிந்துகொண்டு இருபது வயதுப் பையனுக்கு மிரட்டல் எழுதுகிறவனும், பந்தயத்தில் பணத்தை விட்டுவிட்டு வீரனின் தாயை ஏசுகிறவனும் எங்கள் அணியில் இல்லை. அவர்களுக்காக வாதாட இந்த மேடையில் யாரும் வர மாட்டார்கள்.

என் மனைவி டெரா ஹோட்டில் படித்தவர். அந்த இறுதி ஆட்டத்துக்கு எங்கள் மகளையும் அழைத்துப் போயிருந்தோம். அவிலாவைப் போலக் கண்ணாடி வேண்டும் என்று அழுதாள். அன்றைக்கு எங்கே போய் வாங்குவது? நீச்சல் வகுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு அழைத்துப் போனேன். அவள் கத்தும்போதெல்லாம் கண்ணாடிக்குள் ஆவி படியும். கழற்றுவாள், என் சட்டை நுனியில் துடைப்பாள், திரும்பவும் மாட்டிக்கொள்வாள். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் சிவந்துவிட்டது. தோற்ற பிறகு காரில் ஏறியும் கண்ணாடியைக் கழற்ற மறுத்தாள். வலிக்குமே, கழற்று என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே ஆவி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன்.

அதன் பிறகு வந்தவை, கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியலில் அவிலாவின் பெயர் இருந்த நாட்கள். பெயரைக் கொடுத்தவர் திரும்பியும் வரலாம் என்று எந்தப் புண்ணியவான் அவளுக்குச் சொன்னாரோ தெரியாது, ஒவ்வொரு காலையிலும், "முடிவு சொல்லிட்டாராப்பா?" என்று கேட்டாள். பெரியவர்களாகிய நாங்கள் பணக் கணக்குப் பேசினோம், பயிற்சியாளர் போனால் வீரரும் போவதுதான் முறை என்று நியாயம் பேசினோம். அவள் காத்திருந்தாள். முடிவு வந்த அன்று நீச்சல் கண்ணாடியைக் குப்பைக்கூடையில் போட்டாள். மாலையில் அவளே அதை எடுத்துக் கழுவி வைத்தாள். நீச்சல் வகுப்பு இருக்கிறதாம்.

அடுத்த பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் செயின்ட் லூயிஸ் அணியின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவளே காலை உணவின்போது தட்டைப் பார்த்துக்கொண்டு, "நேத்து அவங்க ஜெயிச்சாங்களா?" என்பாள். தோற்றார்கள் என்றால், "நல்லா வேணும்" என்பாள். இட்லியை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "அவர் எத்தனை பாயின்ட்?" என்பாள். குறைவாக எடுத்திருந்தால் அன்று இட்லி மீதம்.

எதிரணி அண்ணனே, அந்த "நல்லா வேணும்" என்பதைத்தான் அடாவடி என்கிறீர்கள். "அவர் எத்தனை பாயின்ட்?" என்று கேட்டவளும் அவள்தான். நடுவர் அவர்கள் இரண்டு கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டு தீர்ப்பு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.