கடலை விட்டுப் போகச் சொன்னார்கள்: ரோமும் கார்த்தேஜும்

அனைவருக்கும் வணக்கம். தலைப்பில் கார்த்தேஜ் என்ற பெயரைப் பார்த்ததும், யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபாலின் கதையை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது அவரைப் பற்றியன்று. ஹன்னிபால் பிறந்தது கி.மு. 247இல். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே ரோம், கார்த்தேஜ் ஆகிய இரு நகரங்களுக்கும் இடையே முதல் போர் தொடங்கிவிட்டது. அந்தப் போரின் களம் கடல். கார்த்தேஜியர்கள் தம் கையால் எழுதிய எழுத்துகள் சில, இன்று நமக்குக் கிடைத்திருப்பதும் அதே கடலின் அடியிலிருந்துதான். அதனால்தான் இந்தக் காணொளியைக் கடலிலிருந்து தொடங்குகிறேன்.

திரையில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய தூனிஸ் நகரை ஒட்டி இருக்கிறது கார்த்தேஜ். லெபனான் கரையிலுள்ள தீர் நகரத்து ஃபீனிசியர்கள் வந்து குடியேறிய ஊர் இது. அவர்கள் மொழியில் 'புதிய நகரம்' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார்கள். எதிரே, கடலுக்கு அப்பால், சிசிலித் தீவு. அதன் வடகிழக்கு முனையிலுள்ள மெசானாவை இத்தாலியக் கூலிப்படையினர் சிலர் கைப்பற்றி வைத்திருந்தார்கள். சிராக்கூஸ் அரசர் அவர்களை நெருக்கியபோது, கார்த்தேஜிடமும் ரோமிடமும் ஒருசேர உதவி கேட்டார்கள். இரு தரப்பும் வந்தன. கி.மு. 264இல் தொடங்கிய சண்டை 23 ஆண்டுகள் நீடித்தது.

ரோமர்களுக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை இல்லை. கரையொதுங்கிய ஒரு கார்த்தேஜியக் கப்பலை மாதிரியாக வைத்து அவர்கள் 100 பெரிய கப்பல்களைக் கட்டினார்கள் என்றும், கப்பல்கள் தயாராவதற்குள் தரையிலேயே பலகைகளை வரிசையாகப் போட்டு ஆட்களை உட்காரவைத்துத் துடுப்பு வலிக்கப் பழக்கினார்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். மரம் வெட்டிய 60 நாள்களில் கப்பல்கள் நீரில் மிதந்தன என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. நான் முதலில் இதைப் படித்தபோது, வென்றவர்களைப் புகழ்வதற்காகச் சேர்த்த மிகை என்றே எண்ணினேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய கப்பலின் உடல்.

சிசிலியின் மேற்குக் கரையில் மார்சாலா என்ற ஊர் இருக்கிறது. பழைய பெயர் லிலிபேயம். அங்கே ஆழம் குறைந்த நீரில் மணலுக்குள் புதைந்து கிடந்த ஒரு கார்த்தேஜியக் கப்பலை 1971 முதல் ஹானர் ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் தலைமையில் அகழ்ந்தெடுத்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போர்க்கப்பல் என்றே அவர் கருதினார். அதன் மரங்களின் மேல், கப்பல் தச்சர்கள் தீட்டிவைத்த பியூனிக், அதாவது கார்த்தேஜியர்களின் மொழியின், எழுத்துகள் இருந்தன. எந்த மரம் எங்கே பொருந்த வேண்டும் என்பதற்கான அடையாளங்கள் அவை. உறுப்புகளைத் தனித்தனியே செய்து, குறியிட்டு, பிறகு ஒன்றுசேர்க்கும் முறை கார்த்தேஜின் கப்பல் துறையில் இருந்திருக்கிறது. அப்படியொரு கப்பலைப் பிரித்துப் பார்த்தவனுக்கு அதைப் போலவே இன்னொன்றைச் செய்வது எளிது. ரோமர்களின் வேகத்துக்குக் கார்த்தேஜியத் தச்சர்களின் ஒழுங்கே துணைபோயிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கப்பல் கட்டிவிட்டாலும் கடலை அறிந்த எதிரியிடம் ரோமர்கள் எப்படி வெல்வது? கப்பலின் முன்பகுதியில் ஒரு கம்பத்தை நட்டு, அதில் 36 அடி நீளமுள்ள தூக்குப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். பாலத்தின் நுனியில் கூரிய இரும்பு அலகு. எதிரிக் கப்பல் அருகே வந்ததும் பாலத்தை விழவிடுவார்கள். அலகு அதன் தளத்தில் குத்திப் பிடித்துக்கொள்ளும். காலாட்படை வீரர்கள் அதன் வழியே ஓடிப்போய்ச் சண்டையிடுவார்கள். அதற்குக் 'காக்கை' என்று பெயர். கி.மு. 260இல் மைலேயில் முதல் பெரிய வெற்றி அதனால் கிடைத்தது. ஆனால் கடலும் ரோமர்களைச் சும்மா விடவில்லை. கி.மு. 255இல் சிசிலியின் தென்கரையில் வீசிய ஒரே புயலில், 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின என்கிறார் பாலிபியஸ். அவர் கணக்குப்படி போர் முடியும்போது ரோம் இழந்தது ஏறத்தாழ 700 கப்பல்கள், கார்த்தேஜ் இழந்தது ஏறத்தாழ 500. தோற்ற தரப்பைவிட வென்ற தரப்பு இழந்ததே அதிகம்.

கடைசிச் சண்டை கி.மு. 241 மார்ச் மாதம், சிசிலிக்கு மேற்கேயுள்ள எகாதித் தீவுகளுக்கு அருகே நடந்தது. ரோமின் கருவூலம் காலியாக இருந்ததால், வசதி படைத்த குடிமக்கள் தம் பணத்தைப் போட்டு 200 கப்பல்களைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கார்த்தேஜியக் கப்பல்களோ, சிசிலியின் எரிக்ஸ் மலையில் சிக்கியிருந்த கார்த்தேஜியத் தளபதி ஹமில்கார் பர்காவின் படைக்கான தானியத்தைச் சுமந்து பாரத்தோடு வந்தன. அன்று மேற்குக் காற்று அவர்களுக்குச் சாதகமாகவே வீசியது. அலை எதிராக இருந்தும் ரோமர்கள் வழிமறித்தார்கள். 50 கப்பல்கள் மூழ்கின, 70 பிடிபட்டன.

இந்த நூற்றாண்டில் அதே இடத்தில், சுமார் 80 மீட்டர் ஆழத்தில், கப்பல் முகப்பில் பொருத்தும் வெண்கல மோதுமுனைகள் 20க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் இலத்தீன் எழுத்துகள். அவற்றைச் சரிபார்த்து ஏற்ற ரோம அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் மட்டும் பியூனிக் எழுத்து. அது அதிகாரியின் பெயரன்று. 'பால்' என்ற தங்கள் தெய்வத்தை அழைத்து, இந்த முனை எதிரிக் கப்பலில் பாய வேண்டும் என்று கேட்கும் வேண்டுதல். அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கார்த்தேஜியர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி கிரேக்கரும் ரோமரும் எழுதியது. இந்த ஒரு வரியோ அவர்களுடைய சொந்தக் குரல்.

இரண்டாம் போரைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இத்தாலியில் ஹன்னிபால் பெரும் வெற்றிகள் பெற்றார், கி.மு. 202இல் ஆப்பிரிக்காவிலுள்ள சாமாவில் ரோமத் தளபதி ஸ்கிப்பியோவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 50 ஆண்டுகளில் 10,000 தாலந்து (அக்காலத்துப் பெரிய எடை அளவு) வெள்ளியைக் கார்த்தேஜ் ரோமுக்குக் கட்ட வேண்டும். போர்க்கப்பல்கள் 10க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ரோமின் அனுமதியின்றிப் போரிடக் கூடாது. கார்த்தேஜ் அந்தத் தண்டத்தைத் தவறாமல் கட்டியது. பத்தே ஆண்டுகளில், மீதித் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டிவிடுகிறோம் என்று சொல்லும் அளவுக்கு வணிகத்தில் தலைநிமிர்ந்தது. ரோம் அதை ஏற்க மறுத்தது. கடன்பட்டவன் கடனாளியாகவே இருக்கட்டும் என்ற கணக்கைத் தவிர இதில் வேறெதையும் என்னால் காண முடியவில்லை.

தவணை முடிந்த சில ஆண்டுகளிலேயே, கி.மு. 149இல், ரோமப் படை ஆப்பிரிக்காவில் இறங்கியது. முதலில் உயர்குடிப் பிள்ளைகள் 300 பேரைப் பிணையாகக் கேட்டார்கள், கொடுத்தார்கள். ஆயுதங்களைக் கேட்டார்கள், 2,000 கவண் பொறிகள் உட்பட அனைத்தையும் கார்த்தேஜியர்கள் ஒப்படைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். அதன் பிறகுதான் கடைசி ஆணை வந்தது: நகரை இடிக்கப் போகிறோம், நீங்கள் கடலிலிருந்து 80 ஸ்தாதியோன், அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே தள்ளிப் போய்க் குடியேறுங்கள். பல நூறு ஆண்டுகள் கடலை நம்பியே வாழ்ந்த மக்களிடம் சொன்ன சொல் இது. உயிரை விட்டுவிட்டு உடலோடு போங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கையில் ஓர் ஆயுதமும் இல்லாத அந்த மக்கள் அன்றே வாயில்களை அடைத்தார்கள். கோயில்களைப் பட்டறைகளாக்கி, நாளொன்றுக்கு 100 கேடயங்களும் 300 வாள்களும் செய்தார்கள். கவண் பொறிகளுக்குக் கயிறு திரிக்கப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில், கி.மு. 146 வசந்த காலத்தில், நகரம் வீழ்ந்தது. பிழைத்திருந்த சுமார் 50,000 பேர் அடிமைகளாக்கப்பட்டார்கள்.

நிலத்தில் உப்பைத் தூவினார்கள் என்ற கதையைப் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். பழைய ஆசிரியர்கள் எவரும் அப்படிச் சொல்லவில்லை. அது பிற்காலத்தில் சேர்ந்தது. உண்மையில் நடந்த இழப்பு வேறு. கார்த்தேஜின் நூலகங்களை ரோம மன்றம் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டது. கார்த்தேஜியரான மாகோ எழுதிய 28 பகுதிகள் கொண்ட வேளாண்மை நூலை மட்டும் இலத்தீனில் பெயர்க்க ஆணையிட்டது. அந்த நூலகங்களின் ஏடுகள் ஒன்றுகூட நம்மிடம் வந்து சேரவில்லை.

காணொளி முடிந்ததும் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, தூனிஸுக்கு வடகிழக்கே கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு வட்டக் குளமும், அதன் நடுவில் சிறு தீவும் தெரியும். 220 கப்பல்கள் நின்றதாக அப்பியன் சொல்லும் போர்த்துறை அதுதான். 1970களில் அந்தத் தீவை அகழ்ந்தபோது, கப்பல்களை நீரிலிருந்து இழுத்து ஏற்றிய சரிவுத் தளங்கள் நடுவிலிருந்து விசிறிபோல் விரிந்து கிடந்தன. அடுத்த காணொளியில் அந்தத் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன். வணக்கம்.