ஆயிரம் பக்கப் பேய்க்கதை முடிந்த இரவு: கூரையில் என்ன சத்தம்?

காட்சி: சாமம். தகரக் கூரை வீடு. கட்டிலில் மூடிக் கிடக்கும் தடித்த புத்தகம்.

குரல்: ஆயிரம் பக்கத் திகில் நாவல் ஒன்றை முடித்துவிட்டு, கிழக்கிலங்கையின் கல்லடியிலோ காரைதீவிலோ லைற்றை அணைத்துப் படுத்தால் முதலில் கேட்பது கூரைதான். ‘டக்’. கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டக்’. நேற்றும் இதே சத்தம் இருந்தது. நேற்று யாரும் காது கொடுக்கவில்லை.

காட்சி: தகரமும் ஆணியும், கிட்டத்தில்.

குரல்: வெயிலில் சுட்ட தகரம் இரவில் சுருங்கும். பத்தடித் தகரம் 30 பாகை குளிர்ந்தால் சுமார் 1 மில்லிமீற்றர் கட்டையாகும். ஆணி விடாது. இழுவை தாங்காமல் ஓரிடம் சட்டென வழுக்கும்போதுதான் அந்த ‘டக்’. பொழுதுபட்டதும் இது அதிகம். ஆனாலும் வானம் வெளித்திருந்தால் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதனால் சாமத்திலும் வரும். ஓட்டு வீட்டில் எலியும் மரநாயும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அதைக் கேட்க வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்க வேண்டும்.

காட்சி: பக்கங்கள் புரள்கின்றன. பக்கத்தில் மணிக்கூடு.

குரல்: இன்று மட்டும் ஏன் கேட்கிறது? ஆங்கிலத்தில் நாலு லட்சம் சொல்லுள்ள நாவல், நிமிடத்துக்கு 260 சொல் வாசிப்பவருக்கு 25 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரமும் எழுத்தாளர் உங்கள் காதைப் பழக்கியிருக்கிறார்: சின்னச் சத்தம் வந்தால் பின்னால் ஏதோ வரும் என்று. கதை முடிந்தாலும் அந்தப் பழக்கம் உடனே போகாது.

உடம்பும் அப்படித்தான். பயத்தில் சுரக்கும் ஹோர்மோன்களில் அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடத்திலேயே பாதியாகும், கோர்ட்டிசோல் பாதியாக ஒரு மணித்தியாலம் அளவில் இழுபடும். மிஞ்சிய படபடப்பு அடுத்து எந்த உணர்ச்சி வந்தாலும் அதில் போய்ச் சேரும் என்று 1970களில் உளவியல் ஆய்வாளர் டொல்ஃப் சில்மன் விளக்கினார். முடிவு பிடித்தால் மகிழ்ச்சி கூடுவதும், சப்பென்று போனால் புத்தகத்தை எறியும் அளவுக்குக் கோபம் வருவதும் இதனால்தான். நீண்ட திகில் நாவல்களின் முடிவுகள் பல சப்பென்றுதான் போகும். எண்ணூறு பக்கம் மறைத்து வைத்ததைக் காட்டியாக வேண்டும், காட்டியதும் அதற்கு உயரமும் எடையும் வந்துவிடுகிறது.

காட்சி: பின்னேர வெளிச்சம், விறாந்தை, கதிரை.

குரல்: கடைசி நூறு பக்கத்துக்கு இரண்டரை மணித்தியாலமாவது வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் தொடங்குங்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி, முழிப்புக்குப் பிளேன்ரீயும் குடித்தால் கஃபீன் பாதியாகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும்.

ஏற்கெனவே இரவில் முடித்துவிட்டீர்களா? போர்வைக்குள் ஒளிந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதுதான் ஆக மோசம். எழும்பி லைற்றைப் போட்டு, சத்தம் எங்கிருந்து என்று பாருங்கள். ஓலை சுவரில் உரசுகிறதா, பல்லியா? காரணம் தெரிந்த சத்தத்துக்கு மனது மெல்ல மெல்லத் திடுக்கிடுவதை விடும். மறுகா, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். முடிவுக்கு விளக்கம் தேடிப் போனை எடுத்தால் விடிந்துவிடும்.

காட்சி: ஒருக்களித்துப் படுத்தவரின் கோட்டுப்படம்.

குரல்: மல்லாக்கப் படுக்க வேண்டாம். தூக்கம் கெட்ட இரவில் மல்லாந்து படுப்பவர்களுக்கு ‘அமுக்குவான்’ வரும் வாய்ப்பு அதிகம். கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும்போதே மூளை விழித்துக்கொள்வதுதான் அது. நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல் தோன்றும், கத்த வராது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். முழு உடம்பையும் உதறப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விட்டதும் எழும்பி முகம் கழுவுங்கள், உடனே கண்ணை மூடினால் திரும்பவும் வரலாம்.