கிட்டே வந்தால் ஒலிக்கும் சிற்பம்

வணக்கம் நேயர்களே. மேடைச் சிற்பம் என்றால் ஆடுபவருக்குப் பின்னால் சும்மா நிற்கும் அலங்காரம் என்றே பலரும் நினைத்திருக்கிறோம். ஆள் நெருங்கினால் அதுவே ஒலி எழுப்பும்படி செய்ய முடியும்.

1965 ஜூலையில் நியூயார்க் லிங்கன் சென்டரில் 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' என்ற நிகழ்ச்சி. நடனம் மெர்ஸ் கன்னிங்ஹாம், இசை ஜான் கேஜ். மேடையெங்கும் ஐந்தடி உயரத்தில் 12 உலோகக் கம்பிகள். செய்து கொடுத்தவர் ராபர்ட் மூக். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியால் பேர் வாங்கிய அதே மூக்தான். நாலடிக்குள் ஆள் வந்தால் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் மாறும், அந்த மாற்றமே ஒலியைத் தூண்டும். பழைய ரேடியோவின் ஏரியல் பக்கம் போனால் கரகரப்பு மாறுமே, அதே சங்கதி. கூடவே ஒளியை உணரும் போட்டோசெல்களும் இருந்தன. மேடை விளக்கொளியை ஆடுபவர் மறித்தால் வேலை செய்யவேண்டும் என்று ஏற்பாடு. விளக்குகள் எட்டத்தில் இருந்ததால் பலிக்கவில்லை. செல்களைக் கம்பிகளின் அடியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒன்று கவனியுங்கள். கம்பி தானாக இசைக்கவில்லை. டேப் ரெக்கார்டர்களும் ரேடியோக்களுமாக இசைக்கலைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஒலி, எவ்வளவு நேரம் என்பது அவர்கள் கையில். திரும்பவும் சொல்கிறேன், கம்பி போன்ற சென்சார், அதாவது உணர்கருவி, ஆள் வந்ததை மட்டும்தான் சொல்லும். எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒலி வந்தால் ஐந்தே நிமிடத்தில் சபைக்கு அலுத்துவிடும்.

இன்றைக்குச் செலவும் குறைவு. களிமண்ணோ காகிதக் கூழோ, சிற்பத்தின் உட்புறம் செப்புத் தகடு ஒட்டுங்கள். அதிலிருந்து ஒரு ஒயர் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்கு. பலகையின் இரண்டு பின்களுக்கு (இணைப்பு முனைகளுக்கு) நடுவே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. 1 மெகா ஓம் போட்டால் தொட்டால்தான் தெரியும். 10 போட்டால் நாலைந்து அங்குலம். 40 போட்டால் ஒன்றிரண்டு அடி, ஆனால் கொஞ்சம் மந்தமாகும். ஒயர் நீளமானால் அதுவே ஏரியலாகிவிடும், ஆகவே பலகை பீடத்துக்குள்ளேயே இருக்கட்டும். இரும்புச் சிற்பமானால் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். பலகையை இணைத்த லேப்டாப் பேட்டரியில் ஓடினால் எர்த் கிடைக்காமல் சென்சார் காட்டும் அளவு தாறுமாறாகும். சார்ஜரைச் செருகியே வையுங்கள். ஈரப்பதம் ஏறினாலும் அளவு நகரும். திரை விலகும் முன், மேடை காலியாக இருக்கும்போது அந்த அளவை ஒருமுறை பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். ஒலி தொடங்க அந்த அளவு 300 என்றால், நிற்க 200 என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணானால் எல்லையில் நிற்பவரால் ஒலி விட்டுவிட்டுத் துடிக்கும்.

சென்சாருக்குப் பதில் ஆடுபவரைக் கேமராவால் கண்டுபிடிப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக: 2010இல் வந்த, உடல் அசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நம்பியது. சூடான மேடை விளக்கு அதைக் குழப்பும். நாலு மீட்டருக்கு அப்பால் நம்பமுடியாது. அரைமண்டியில் விசிறி மடிப்பு விரிந்தால் முழங்கால் எங்கே என்று தேடும். தரையில் படுத்து ஆடும் இடங்களுக்குச் சிற்பத்துச் சென்சாரையே வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.