கரும்புகையாகப் போகும் டீசல்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கப்பலூர் பக்கம் முப்பது ஆண்டுகளாக லாரி எஞ்சின் வேலை பார்த்து வருகிறேன். பட்டறைக்கு வரும் உரிமையாளர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே, "அண்ணே, மேட்டிலும் இழுக்க வேண்டும், மைலேஜும் கொடுக்க வேண்டும்" என்பார்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும். அதற்கு முதலில் எஞ்சினுக்கு மூச்சு சரியாக இருக்க வேண்டும்.

டீசலை அளந்து எஞ்சினுக்குள் செலுத்தும் பம்ப் உள்ள பழைய வண்டிகளில் டீசலைக் கூட்டுவது சுலபம். பம்பின் சீலை உடைத்து ஒரு திருகைச் சற்றுத் திருப்பினால் போதும். நான் தொழில் பழகிய காலத்தில், மேலூரிலிருந்து கிரானைட் ஏற்றித் தூத்துக்குடி போன ஒரு லாரிக்கு அப்படித்தான் செய்தோம். ஓட்டுநருக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் அதே வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பிஸ்டனின் தலையில் அலுமினியம் வெல்லப்பாகு போல உருகி வழிந்து உறைந்திருந்தது. அந்தப் பிஸ்டன் இன்றும் என் மேசையில் இருக்கிறது. வேலை பழக வரும் பையன்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.

ஏன் உருகியது? ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு தண்ணீர் லாரியின் தொட்டி நிறையக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது இதைவிடத் தாராளமாகவே தேவைப்படும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், பாதி எரிந்தது கரியாகிக் குழாய் வழியே போகும். மீதி, நேரம் கடந்தும் எரிந்துகொண்டே பிஸ்டனையும் வால்வையும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவையும் சுடும். மேட்டில் கரும்புகை கக்கும் லாரியைப் பார்த்து "நல்ல பிக்கப்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புகையில் உரிமையாளரின் பணம் போவதுதான் தெரிகிறது.

டர்போ காற்றை அழுத்தும்போது அது 100 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். சூடான காற்று விரிந்திருக்கும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். அதைக் குளிர்வித்து அனுப்பவே இன்டர்கூலர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அதன் முகத்தில் பூச்சியும் புழுதியும் அப்பியிருந்தால் எஞ்சின் எப்படி இழுக்கும்?

சென்ற ஆண்டு கம்பத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் லாரி ஒன்று வந்தது. ஆண்டிபட்டி கணவாய் ஏற முடியவில்லை. வேறோர் இடத்தில் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் பாதையை அடைத்து, கம்ப்ரசர் காற்றை அளவாகக் கொடுத்து, சோப்பு நுரை தடவினோம். ஒரு கிளாம்புக்கு அடியில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஹோஸில் நகத்தளவு கீறல். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினோம், அவ்வளவுதான் வேலை.

எரிபொருள் சிக்கனத்துக்காக வண்டியை மாற்றுவது மதுரைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரிவாயுவில் வண்டியை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். நிறுவனத்தார் உருவாக்கினார்கள். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளில் திருப்பத் திருகு கிடையாது, எல்லாம் கணினி. அதன் புரோகிராமை மாற்றுகிறேன், புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ திரவம் இல்லாமல் ஓட வைக்கிறேன் என்று வருபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மனம்போன போக்கில் மாற்ற இடம் தரவில்லை. வாரண்டியும் போய்விடும்.

பழைய வண்டி என்றால் ஏர் பில்டர், வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளி, டீசலைத் தூவும் நாசிலின் அழுத்தம், பம்ப் டீசல் அனுப்பும் நேரமான டைமிங் நான்கையும் பாருங்கள். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றித்தான் அளவு வைக்க வேண்டும்; காதால் கேட்டு வைக்கக் கூடாது. நான்கு வழிச்சாலையில் 60ல் போகிறவர் 80ஐத் தொட்டால் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்காகிறது. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் இன்னும் கூடும். இழுத்துக் கட்டுங்கள்.

என்னிடம் வருபவர்கள் ஒரு நோட்டும் கொண்டு வர வேண்டும். டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பும்வரை எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை டன் என்று ஒரு மாதக் கணக்கு அதில் இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே ஸ்பானரை எடுப்பேன். வணக்கம்.