ஒரு புகைப்படத்தைச் சுற்றி நான்கு படங்கள்

(திரையிடல் நடத்த விரும்பும் நண்பர்களிடையே ஒரு நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு நாள் முழுக்க அறிவியல் புனைவுப் படங்களைத் தொடர்ச்சியாகப் போடுவது எப்படி என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிப் போடக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதன்முதலில் நடத்திய நாளுக்கு 'விண்வெளி' என்று தலைப்பு வைத்தேன். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி', 1972இல் வந்த தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்', 2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்'. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம். மதியத்துக்குப் பிரியாணி. சாப்பிட்ட கையோடு 'சோலாரிஸ்'. அதில் ஒரு கார் நெடுஞ்சாலையிலும் சுரங்கப்பாதையிலும் போய்க்கொண்டே இருக்கும் காட்சி ஒன்று உண்டு, டோக்கியோவில் எடுத்தது, கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். அந்தக் கார் பாதி தூரம் போவதற்குள் பின்வரிசையில் குறட்டை கேட்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் 'இன்டர்ஸ்டெல்லார்' தொடங்கும்போது அரங்கில் இருந்தது பதினொரு பேர். அதில் மூன்று பேர் எங்கள் குழு.

பழியைப் பிரியாணி மேல் போட்டு ரொம்ப நாள் சமாளித்தேன். அப்புறம்தான் புரிந்தது, கோளாறு தலைப்பில் இருந்தது. விண்வெளி என்பது ஓர் இடம், அவ்வளவுதான். மூன்று படங்களும் அங்கே நடந்தன என்பதைத் தவிர அன்றைக்கு அவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகும் பங்காளிகள் மாதிரி இருந்தது.

நமக்குப் பட்டிமன்றம் தெரியும். 'குடும்பம்' என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால் நடுவர் என்ன செய்வார்? அது கேள்வியாக இருந்தால்தான் இரண்டு அணி கிடைக்கும், சண்டை கிடைக்கும், கூட்டம் கடைசி வரை உட்காரும். படங்களைத் தேர்ந்தெடுப்பதும் அதே வேலைதான். 'ரோபோ', 'வேற்றுக்கிரகவாசி', 'காலப்பயணம்' என்று பொருளை வைத்து அடுக்கினால் பட்டியல்தான் வரும். ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லும் படங்களை எடுத்தால் அவை தாமாகவே ஒன்றையொன்று மறுத்துப் பேச ஆரம்பிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு தொகுப்பை மட்டும் இன்றைக்கு விரித்துச் சொல்கிறேன். அதன் கேள்வி நமக்குப் புதிதில்லை: நடக்க இருப்பதை மாற்ற முடியுமா?

வள்ளுவர் இதற்கு இரண்டு பதில் சொல்லியிருக்கிறார். 'ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்' என்பது 380ஆவது குறள். நீ தப்பிக்க எந்த வழியைத் தேடினாலும் ஊழ் உனக்கு முன்னால் போய் நிற்கும். 620க்கு வந்தால் 'ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்' என்கிறார். தளராமல் முயன்றால் ஊழையே புறமுதுகு காட்ட வைக்கலாம். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாத தமிழ் மேடை கிடையாது, ஆகவே அதில் நான் நுழையப்போவதில்லை. என் தொகுப்பு 380இல் கிளம்பி 620இல் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் 'லா ஜெத்தே'. 1962, பிரெஞ்சு, கிறிஸ் மார்க்கர் எடுத்தது. 28 நிமிடம்தான். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், மேலே ஒரு குரல் கதை சொல்கிறது. பாரிஸின் ஓர்லி விமான நிலைய மேடையில் ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான். கூடவே ஒரு மனிதன் சாவதையும் பார்க்கிறான். மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு, தரைக்கடியில் கைதியாக இருக்கும் அவனைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். ஏன் அவனை? அந்தப் பெண்ணின் முகம் அவனுக்குள் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே அவனால் திரும்பிப் போக முடியும். கடைசியில் அந்த மேடைக்கே ஓடுகிறான். சிறு வயதில் அங்கே பார்த்தது தன்னுடைய சாவையேதான் என்று அப்போது அவனுக்குத் தெரிகிறது.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று முறைக்காதீர்கள். அறுபது வருஷம் தாண்டிய ரகசியம், காலாவதி ஆகிவிட்டது. தவிர, திரையிடுகிறவருக்கு முடிவு தெரியாமல் வரிசை போடவும் முடியாது.

இதைத் திரையிட்ட அன்று, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் நான்காவது நிமிடத்திலேயே எழுந்து மடிக்கணினி பக்கம் வந்தார். "தம்பி, படம் நின்னு நின்னு வருது, ஏதோ பட்டனை அழுத்துங்க" என்றார். படமே இப்படித்தான் ஐயா என்றேன். நம்பவில்லை, என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அடுத்தது 1984இல் வந்த ஜேம்ஸ் கேமரூனின் 'தி டெர்மினேட்டர்'. மறுபடி பார்த்தபோதுதான் அதிலும் ஒரு புகைப்படம் இருப்பது எனக்கு உறைத்தது. சாரா என்ற பெண்ணைக் காக்க 2029இலிருந்து வரும் கைல் ரீஸ், அவளுடைய பழைய, கசங்கிய படம் ஒன்றைத் தன்னிடம் வைத்திருந்ததாகச் சொல்கிறான். அதில் அவள் முகம் கொஞ்சம் சோகமாக இருக்கும், அந்தக் கணத்தில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அடிக்கடி யோசிப்பானாம். எல்லாம் முடிந்தபின் ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு சிறுவன் அவளை போலராய்டில் படம் பிடிக்கிறான். அதே படம். அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது இறந்துபோன கைலைத்தான்.

சரி, ஊழ் எங்கே வருகிறது? இது கம்சன் கதையேதான். பிறக்கப்போகும் பிள்ளையைத் தடுக்க, தாயைக் கொல்ல இயந்திரத்தை அனுப்புகிறார்கள். அவளைக் காக்க ஒருவன் பின்னால் வருகிறான். அவன்தான் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ஆகிறான். தடுக்க முயலாமல் இருந்திருந்தால் பிள்ளையே பிறந்திருக்காது. 'மற்றொன்று சூழினும்' என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1985 ஜூலையில் ராபர்ட் ஸெமெக்கிஸின் 'பேக் டு த ஃப்யூச்சர்' வருகிறது. அதிலும் ஒரு புகைப்படம்! 1955க்குப் போய் மாட்டிக்கொண்ட மார்ட்டி, தன் அம்மா அப்பாவின் சந்திப்பைக் கெடுத்துவிடுகிறான். அவன் பையில் அண்ணன், அக்காவோடு நிற்கும் படம். முதலில் அண்ணன் தலையிலிருந்து மறைய ஆரம்பிக்கிறான், பிறகு அக்கா, கடைசியில் அவனும். தர்க்கப்படி இது தப்பு. கடந்த காலம் மாறிவிட்டால் படம் ஒரேயடியாக மாற வேண்டும், தலை ஒரு நாள் கால் ஒரு நாள் என்று தவணையில் மறையாது. ஆனால் அந்தப் படம் அங்கே கடிகார வேலை பார்க்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்வையாளனுக்குக் காட்ட வேறு எதுவும் வேண்டியதில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படமே புகைப்படங்களால் ஆனது, எதுவும் அசையாது. இரண்டாவதில் புகைப்படம் ஒரு சாட்சி: நடந்தது நடந்தபடியேதான் என்று முத்திரை குத்துகிறது. மூன்றாவதில் அது அழிகிறது, திரும்பவும் வருகிறது. அதாவது மாற்றலாம். நான் தேடிப் போனது காலத்தைப் பற்றிய கேள்வியை. இந்தப் புகைப்படம் தானாகக் கைக்கு வந்தது. இப்படி ஒரு பொருள் தட்டுப்பட்டால் விட்டுவிடாதீர்கள். இடைவேளையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே ஜனங்கள் பேசுவது அதைப் பற்றித்தான் இருக்கும்.

நான்காவதாக எதைப் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. கேமரூனின் இரண்டாவது டெர்மினேட்டரைப் போடலாம் என்றார் ஒருவர். நியாயமான கட்சி. 1991இல் வந்த அந்தப் படத்தில் சாரா மேசைமேல் கத்தியால் 'விதி இல்லை' என்று செதுக்குகிறாள். 380 எழுதிய கையே ஏழு வருஷம் கழித்து 620 எழுதுகிறது. ஆனால் ஒரே நாளில் அந்த இயந்திரத்தை இரண்டு முறை பார்த்தால் திகட்டும் என்று சொல்லி நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் போட்டது 'மாநாடு'. 2021, வெங்கட் பிரபு. உள்ளூர்ப் படம் ஒன்று இருக்கட்டுமே என்பதற்காக இல்லை. அதில் நாயகன் ஒவ்வொரு முறை சாகும்போதும் அதே விமானத்தில், அதே நாளில் கண் விழிக்கிறான். முதலமைச்சரைக் கொல்லும் சதியைத் தடுக்கப் பார்க்கிறான், தோற்கிறான், மறுபடியும் வருகிறான். 'தாழாது உஞற்றுதல்' என்றால் இதுதான். இதில் புகைப்படம் கிடையாது, ஏனென்றால் எந்தப் பொருளும் அடுத்த சுற்றுக்குக் கூட வராது. ஞாபகம் மட்டும்தான் வரும். அதைவிட, எஸ்.ஜே. சூர்யாவின் போலீஸ் அதிகாரிக்கும் அதே ஞாபகம் வந்துவிடுகிறதே, அங்கேதான் படம் சூடு பிடிக்கிறது. விதியை மாற்றும் வாய்ப்பு நல்லவனுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மற்ற மூன்று படங்களும் கேட்காத கேள்வி அது. 'ரிப்பீட்டு' என்று அரங்கமே கத்தியபோது, காலையில் ஓர்லி மேடையில் செத்தவனும் இதே சுழலில்தானே மாட்டியிருந்தான் என்று எனக்குத் தோன்றியது.

விட்டவற்றையும் சொல்கிறேன். '12 மங்கீஸ்' 'லா ஜெத்தே'யிலிருந்து பிறந்த படம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் ஒரே அதிர்ச்சியை இரண்டு முறை விற்பதுபோல் ஆகும். 'ப்ரைமர்' 77 நிமிடம்தான், ஆனால் புரிந்துகொள்ளக் காகிதமும் பென்சிலும் வேண்டும். அதைத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரக் கணக்கு. 28, 107, 116 நிமிடம், கடைசியாக இரண்டரை மணி நேரம். மொத்தம் ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. காலை பத்துக்குக் குட்டிப் படம். தாமதமாக வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஆகவே அது முடிந்ததும் அரை மணி நேரம் தேநீர், பேச்சு. பதினொன்றுக்கு 'டெர்மினேட்டர்'. அது சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை, பிள்ளைகளோடு வருகிறவர்களை மதியத்துக்கு மேல் வரச் சொல்லி அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்கு 'பேக் டு த ஃப்யூச்சர்'. வயிறு நிறைந்த வேளைக்குச் சிரிப்பும் ஓட்டமும் உள்ள படம்தான் தாங்கும், அந்தப் பாடத்துக்கு நான் கட்டணம் கட்டியிருக்கிறேன். நாலரைக்கு 'மாநாடு', ஏழு மணிக்கு வீடு. எங்களிடம் சாப்பாடு தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.

இன்னொன்று. வீட்டுக் கூடத்தில் நாலு பேரோடு பார்ப்பது வேறு, பொது அரங்கில் போடுவது வேறு. டிக்கெட் இல்லாவிட்டாலும் உரிமையாளர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அலைச்சல்தான், வேறு வழியில்லை. பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வசன வரி கிடைக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள். 'லா ஜெத்தே'க்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. குழுவில் இருந்த ஆசிரியை ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அந்த 28 நிமிடமும் தமிழில் கதை சொன்னார். சொல்லப்போனால் அது இன்னும் நன்றாக இருந்தது.

அந்தப் பெரியவர் கதை பாக்கி இருக்கிறது. 'லா ஜெத்தே'யில் ஒரே ஓரிடத்தில் மட்டும் படம் அசையும். படுக்கையில் இருக்கும் அந்தப் பெண் கண் திறந்து இமைப்பாள். சில நொடிதான். ஆசிரியையும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் எல்லாப் படமும் முடிந்து, நாங்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி வந்தார்.

"தம்பி, காலைல அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்துச்சே, அது நெசமா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதா?"

மடிக்கணினியைத் திரும்பத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், அவருக்காக மட்டும் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினேன்.